நாடா வெட்டாத அறை

ஐயா, கணினித் திரையை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. படித்தவர்களே அந்தப் பிழையைச் செய்கிறார்கள். உங்கள் மேசையில் இருப்பதையும் யாரோ அப்படித்தான் துடைத்திருக்கிறார்கள், கோடு தெரிகிறது.

நான் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணினிப் போதனாசிரியர். ‘கற்றல் கற்பித்தலில் டிஜிட்டல் சாதனங்கள்: ஒரு தேடல்’ என்று நாற்பது பக்க அறிக்கை எழுதியிருக்கிறேன். மேலிடத்தில் அதைப் படித்தவர் யாருமில்லை, பாராட்டியவர்கள் பலர்.

2006 தையில் வெளிநாட்டார் பதினொரு கணினி தந்தார்கள். அவற்றுக்கென்று மைதானத்துக்கு மேலே, பாறையில், ஒரு கொங்கிரீட் அறையும் கட்டிக் கொடுத்தார்கள். பழைய பள்ளிக்கூடமும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் கீழே சரிவில்தான். அறை வாசலில் சிவப்பு நாடா கட்டினோம். அதை வெட்டப் பிரதம அதிதி வரவேண்டும். திகதி கொடுத்தார், மாற்றினார், மறுபடி கொடுத்தார். அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று கடிதம். பதினாறு மாதம்.

அதற்காகப் பாடத்தை நான் நிறுத்தவில்லை. பிஸ்கட் பெட்டி அட்டையில் விசைப்பலகை வரைந்து கொடுத்தேன். பிள்ளைகள் அட்டையைத் தட்டுவார்கள். திரையில் என்ன வருமென்று நான் வாயால் சொல்வேன். அதில் கெட்டிக்காரி நிரோஷா, பத்தாம் வகுப்பு. “சேர், நான் தப்பா அடிச்சா அட்டைக்கு எப்புடிங்க தெரியும்?” என்று ஒருநாள் கேட்டாள். வகுப்பே சிரித்தது. “எனக்குத் தெரியும்” என்றேன். உடனே தலையாட்டினாள். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை.

2007 வைகாசியில் விடாத மழை. அதிதி திங்கட்கிழமை நிச்சயம் வருகிறார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டு, நானே முட்டி போட்டுத் தேய்த்து, பூட்டிவிட்டு வெளியே வந்தேன். வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி. ஐம்பது பேரளவில் மேலே ஏறி வந்து நின்றார்கள். முன்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற காத்தமுத்து. பக்கத்தில் நிரோஷாவின் தாய் இருளாயி, இடுப்பில் சின்னவனோடு.

“சேர், லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருக்குங்க. மழை விடுற மட்டும் புள்ளைங்கள உள்ள விடுங்க.”

சாவி பள்ளிக்கூட அதிபரிடம் இருக்கிறது, அவர் கேகாலைக்குப் போயிருக்கிறார் என்றேன்.

“அப்ப பூட்ட ஒடைக்கிறேன்” என்றார் காத்தமுத்து.

அரசாங்கச் சொத்து, பொலிஸ் வரும் என்றேன். போர் நடந்த அந்த வருடத்தில் தமிழ் ஆட்களுக்கு அந்த ஒரு சொல் போதும். எடுத்த கல்லைக் கீழே போட்டார். “உள்ள இருக்க பொட்டிக்கு சளி புடிச்சிருமாக்கும்” என்று மட்டும் சொன்னார். படிக்காத ஆள் என்று விட்டுவிட்டேன்.

“சேர், சாவி வந்தா சொல்லுங்க” என்றாள் நிரோஷா. “எல்லாரையும் காலக் கழுவிட்டு ஏறச் சொல்றேன்.”

அரை மணி நேரம் நின்றார்கள். அறைக்குத் தாழ்வாரம் இல்லை. படம் பிடித்தால் அழகாக இருக்காதென்று வைக்கவில்லை. சின்னவனுக்கு உதடு நீலம் பாய்ந்ததும் இருளாயி இறங்கினாள். பின்னால் மற்றவர்களும். மூன்றரைக்கு மலை சரிந்தது. ஒன்பது பேர் மண்ணுக்குள். இருளாயி, சின்னவன், நிரோஷா மூவரும் அதில்.

அதிதி இந்தத் தடவை சொன்ன நாளில் வந்தார். இரங்கல் தெரிவித்தார், வந்ததுதான் வந்தோம் என்று நாடாவையும் வெட்டினார். அந்தக் கணினிகளில் முதன்முதலில் ஓடியது நான் தயாரித்த அஞ்சலிக் காட்சி. நிரோஷாவின் முகம் இடப் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்து நடுவில் நிற்கும். அந்த அசைவைத் தெரிவு செய்யவே எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எல்லாரும் பாராட்டினார்கள். காத்தமுத்து மட்டும் விசாரணை கேட்டு உங்களுக்கு மனு எழுதினார்.

சாவி எங்கே இருந்தது என்று மூன்றாம் தடவை கேட்கிறீர்கள். என் சட்டைப் பையில். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? ஐம்பது பேரின் சேற்றுக் கால் அந்தத் தரையில் ஏறியிருந்தால் பிள்ளைகள் இன்றைக்கு எதில் படிப்பார்கள்? பதினொன்றில் ஒன்றுகூட நனையவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு அதே மழை வந்தாலும் என் பதில் அதுதான்.

நிரோஷா இருந்திருந்தால் என் பக்கம் சாட்சி சொல்லியிருப்பாள்.