அட்டைப்படத்துக்கு ஒரு திருத்தம்

பைக்கில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து போனால் தலை சுற்றாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்களும் ஒருமுறை கேட்டிருக்கிறீர்கள், சுடலைக்கண்ணு அண்ணாச்சி. சுற்றாது. முதல் இரண்டு நாள் வயிற்றைப் பிரட்டும், அப்புறம் பழகிவிடும்.

தங்கப்பாண்டியன் நினைவு மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு நீங்கள் போடும் விழா மலரின் அச்சுப்படி வந்து சேர்ந்தது. என் தங்கை புருஷன் என்பதாலும், பதினொரு வருடம் ஒரே வண்டியில் அலைந்தவர்கள் என்பதாலும், அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். எழுதியிருக்கிறேன். அட்டை நன்றாக இருக்கிறது. அதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. கடைசியில் சொல்கிறேன். மற்றதைச் சொன்னால்தான் அது நியாயமான திருத்தம் என்று உங்களுக்குப் படும்.

எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். மே மாதம் முழுக்கக் கோவில்பட்டியில் ஹாக்கி. சனிக்கிழமை கழுகுமலையில் கபடி என்றால் ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளம் பக்கம் வண்டிப் பந்தயம். எந்த ஊரில் எப்போது கோயில் கொடை என்று பூசாரிக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். சாப்பாடு எட்டயபுரத்தில் பூரி கிடைத்தால் பூரி, இல்லையென்றால் கேமராப் பைக்குள் கிடக்கும் கடலை மிட்டாய். அதனால் என் லென்ஸ்களில் எப்போதும் எறும்பு இருக்கும். நான் எந்தப் பத்திரிகைக்கும் ஆள் இல்லை. படத்தை அனுப்புவேன், போடுவார்கள். இருபது வருடத்தில் என் படத்துக்குக் கீழே என் பெயர் வந்தது மூன்று முறை. அதில் ஒருமுறை ஹரிகரன் என்று போட்டிருந்தார்கள். என் பெயர் ஹரிஹரசுதன்.

பந்தய ரோட்டில் மாடுகளுக்கு முன்னால்தான் எங்கள் வண்டி போகும். தங்கப்பாண்டியன் மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். நான் அவர் முதுகோடு முதுகு ஒட்டி, மாட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இரண்டு கையும் கேமராவில் இருப்பதால் பேச்செல்லாம் முழங்கையில்தான். ஒரு இடி என்றால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு இடி என்றால் விரட்ட வேண்டும். கண்ணாடி பளபளத்தால் மாடு மிரளும் என்று முதல் வருடமே வண்டியின் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றச் சொன்னேன், கழற்றிவிட்டார். ஆகவே பின்னால் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. நான்தான் அவருக்குப் பின்கண். பழைய காரிலிருந்து எடுத்த சீட் பெல்ட் ஒன்றை இருவர் இடுப்பையும் சேர்த்துப் போட்டுக்கொள்வோம். விழுந்தால் சேர்ந்து விழுவோம் என்பார். பதினொரு வருடத்தில் என் முழங்கை ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

போன தீபாவளிக்குப் பிறகு அவர் ஒரு குட்டிக் கேமரா வாங்கினார். முகம்மது ரபீக் பாய் கடையில், என்னைக் கூட வைத்துக்கொண்டுதான் வாங்கினார். இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும்.

"பின் லைட்டுக்குக் கீழ மாட்டிட்டு மறந்துருங்க. மாடு வந்து முட்டினாலும் படம் ஆடாது," என்றார் ரபீக் பாய்.

"அப்ப எங்க மச்சானுக்கு இது தேவல பாய். அவிய மாடு தும்முனாலே ஆடுவாவ," என்றார் மாப்பிள்ளை.

"இதுக்குப் பூரி வாங்கிக் குடுக்க வேண்டாம் பாத்துக்கிடுங்க."

"கோவமும் படாதுல்லா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

தையில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் இடைசெவல் பந்தயத்துக்கு அதை மாட்டிக்கொண்டு தனியாகப் போனார். பின்னால் என் எடை இல்லாததால் வண்டி பறந்திருக்கிறது. அந்த வீடியோவை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அதற்கப்புறம் மாட்டுக்காரர்கள் அவருக்கு நேராகப் போன் போட ஆரம்பித்தார்கள். நீங்க மட்டும் வந்தாப் போதும் என்றார்களாம். அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. மறைக்கிற ஆள் இல்லை. மலரில் இதைக் கட்டாயம் போடுங்கள்.

ஒருநாள் மத்தியானம் தங்கச்சி ஜெயப்பிரியா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, இன்னும் எத்தன நாளைக்குத்தான் குரங்கு கணக்கா தொத்திக்கிட்டுப் போவீய? ஸ்டூடியோவுல ஃபேனுக்குக் கீழ உக்காந்து பாஸ்போர்ட் சைஸ் எடுங்க. இனிமே இவிய தனியாவே போய்க்கிடுதேங்காவ."

மாப்பிள்ளை தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். "நாகலாபுரம் பந்தயம் மட்டும் சேந்து போவோம் மச்சான். அதுக்குப் பொறவு நீங்க ரெஸ்ட் எடுங்க. ஒங்களுக்கும் வயசாகுதுல்லா," என்றார்.

நான் கோபப்படவில்லை. அவர்கள் இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நான் யோசித்தேன், அவ்வளவுதான். முப்பது அடி தூரத்தில் மாடு வருவதை நானும் எடுப்பேன், மெஷினும் எடுக்கும். நாலடியில் எடுக்க வேண்டும். மூக்கணாங்கயிறு இழுபடுவது, வாய் நுரை காற்றில் பிய்ந்து போவது, இரண்டு கொம்புக்கும் நடுவே சாரதியின் கண். எந்த நொடியில் அமுக்குவது என்பது மனிதனுக்குத்தான் தெரியும். அப்படி ஒரு படம் இருந்தால், பின்னால் ஆள் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளையே சொல்ல மாட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முழங்கையால் எத்தனை இடித்தாலும் அவர் மாட்டைப் பதினைந்து அடிக்குள் விட மாட்டார். சலங்கைச் சத்தம் நெருங்கியதும் தானாகவே விரட்டிவிடுவார். கண்ணாடியைக் கழற்றினாலும் அவருக்குக் காது இருந்தது.

நாகலாபுரம் பந்தயத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் அவருக்கு ஹெல்மெட் வாங்கினேன். முகம் முழுக்க மூடுகிற ரகம். கடைக்காரர் நாலைந்து எடுத்துப் போட்டார். வெளிச்சத்தம் உள்ளே வராததாகக் கேட்டு வாங்கினேன். ஜெயப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவிய தலையில இத எப்படியாவது மாட்டிரணும்னு எத்தன வருசமாச் சொல்லுதேன். நீங்க சொன்னாத்தான் கேக்காவ," என்றாள்.

இனி நினைவுப் பந்தயத்தில் படமெடுக்க வருகிற எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று உங்கள் கமிட்டி முடிவு செய்திருப்பதாகப் பார்த்தேன். நல்ல முடிவு.

சனிக்கிழமை வெளிச்சம் பார்த்துவர நாகலாபுரம் ரோட்டுக்குப் போனேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். பந்தயத்துக்காக ரோட்டோரம் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலை அள்ளிவிட்டிருந்தார்கள். தார் மட்டும் சிவந்து கிடந்தது. மூன்றாவது மைலில் ரோட்டை ஒட்டியே உழுது போட்ட கரிசல். காலை வைத்துப் பார்த்தேன், முழங்கால் வரை புதைந்தது. கல் இல்லை, முள் இல்லை. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். கவனமாக இருப்பதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை குட்டிக் கேமராவைப் பின் லைட்டுக்குக் கீழே மாட்டினார். "இன்னைக்குப் போட்டி மச்சான். நீங்களா அதுவான்னு பாத்துருவோம்," என்றார். பெல்ட்டை அவர்தான் மாட்டிவிட்டார். இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார்.

பெரிய மாட்டுப் பந்தயம். தங்கசாமியின் வண்டி ஆரம்பத்திலிருந்தே முன்னால் வந்தது. இரண்டும் மயிலைக் காளைகள். தங்கசாமி எழுந்து நின்று ஓட்டினார். மூன்றாவது மைல் வந்ததும் ஒரு இடி கொடுத்தேன். வேகம் குறைந்தது. முப்பது அடி இருபது ஆனது. கொஞ்சம் விட்டு, மறுபடி ஒரே ஒரு இடி கொடுத்தேன்.

"மச்சான், போதுமா? பக்கத்துல வந்துட்டா?"

"இல்ல மாப்ளே. தூரமாத்தான் இருக்கு."

"சலங்கை கேக்க மாதிரி இருக்கே."

"ஹெல்மெட்டுக்குள்ள எல்லாம் அப்படித்தான் கேக்கும். இன்னும் மெல்லப் போங்க."

அவர் மெல்லப் போனார். அதைத்தான் நான் மறக்கவில்லை, அண்ணாச்சி. ஒரு கேள்வி இல்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகு என் முதுகில் சாய்ந்து, நிம்மதியாக இருந்தது. சட்டை இரண்டும் வேர்வையில் ஒட்டியிருந்தன. இடது கையால் பெல்ட்டைக் கழற்றினேன். வலது கையால் படம் எடுத்தேன். அப்புறம் இடது பக்கம் சாய்ந்தேன். கரிசல் மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது.

பைக் சரிந்தது. காளைகள் அவரைத் தாண்டிவிட்டன. சக்கரம் தாண்டவில்லை, ஏறிவிட்டது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

கொலை என்று நீங்கள் சொல்லலாம். அந்த வார்த்தையை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் என் நோக்கம் படம். அவர் மேல் எனக்குப் பிரியம் குறைந்ததே இல்லை. இப்போதும் பஸ்ஸில் போகும்போது சீட்டில் சாய மாட்டேன். முதுகு சில்லென்று இருக்கிறது. பதினொரு வருடத்துச் சூடு ஒரே நாளில் போய்விட்டது. என் துக்கத்தில் பொய் இல்லை. துஷ்டி வீட்டில் உங்கள் தோளில் சாய்ந்து அழுதேனே, அது உண்மையான அழுகை. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் இருந்த நாலு வரியும் நான் எழுதியதுதான். வாரம் தவறாமல் தங்கச்சியைப் போய்ப் பார்க்கிறேன்.

தங்கசாமியையும் ஒருமுறை பார்த்தேன். "கயித்த இழுத்தேன் அண்ணாச்சி, கை கிழியக் கிழிய இழுத்தேன். மாடு நிக்கலியே," என்று உள்ளங்கையைக் காட்டினார். காளைகளை விற்றுவிட்டாராம். விதி என்று சொல்லித் தேற்றினேன். நேரம் கிடைத்தால் அவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது திருத்தத்துக்கு வருகிறேன். பதினாறாம் நாள், நான் எடுத்த அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு ஜெயப்பிரியாவிடம் கொடுத்தேன். கடைசிப் படம் என்று மட்டும்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல வேண்டும், பார்த்தால் தெரியாதா என்று நினைத்தேன். அவள் அதை அவருடைய குட்டிக் கேமரா எடுத்ததாக எடுத்துக்கொண்டாள். மாலை போட்டு மாட்டியிருக்கிறாள். "அவிய கண்ணு அண்ணே இது. அவிய கடைசியா இந்த ஒலகத்தப் பாத்தது," என்று கண்ணாடிச் சட்டத்தைத் தடவித் தடவிச் சொன்னாள். வீட்டில் இருக்கிறவரை இருக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் படத்தைத்தான் அவள் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். நீங்கள் அட்டை முழுக்கப் போட்டு, கீழே "அமரர் தங்கப்பாண்டியன் எடுத்த கடைசிப் படம்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். இரண்டாயிரம் பிரதி என்றார்கள். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது, அண்ணாச்சி. நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

வெறும் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். குட்டிக் கேமரா நசுங்கிப் போனாலும் அதன் மெமரி கார்டு நல்லபடியாக இருந்தது. ஆட்கள் ஓடி வருவதற்குள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை கேட்பதும் நான் பதில் சொல்வதும் தெளிவாகக் கேட்கும். பெல்ட் கழலுகிற சத்தம் கேட்கும். அடுத்தாற்போல என் கேமராவின் சத்தம். அதற்கப்புறம் இரண்டு ஓரத்திலும் தெரிந்த என் கால்கள் இரண்டும் இடது பக்கமாக மறைந்துவிடும். இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அட்டையில் இருக்கிற படம் அந்தக் கார்டில் கிடையாது. அந்த நொடியில் மெஷின் எடுத்தது ஆடிப்போய் வெறும் புழுதியாக இருக்கிறது. ரபீக் பாய் சொன்னது தப்பு.

கார்டை நீங்கள் போலீசில் கொடுப்பீர்கள். கொடுக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் அச்சகத்துக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். படம்: ஹரிஹரசுதன். அவ்வளவு போதும், பட்டமெல்லாம் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் அட்டையை வெயிலில் வைத்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். காளையின் மூக்கோரத்து மயிர்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம். மாடு தும்மினாலே ஆடுவேன் என்றாரே மாப்பிள்ளை, எங்கேயாவது ஆடியிருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.