யோனாவுக்குப் பயம் தெளிந்த விதம்

எங்கள் நாய்க்குக் கருப்பட்டி என்றால் உயிர். கறியையும் கருப்பட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கருப்பட்டியைத்தான் முதலில் தின்னும்.

ஐயா, தாங்கள் வருகிற திங்கட்கிழமை தாஜ் முகம்மதுவின் வழக்கில் தீர்ப்புச் சொல்லப்போகிறீர்கள். அதற்கு முன் இந்த நாயைப் பற்றிக் கொஞ்சம் எழுதித் தர வேண்டியிருக்கிறது.

நாயின் பெயர் யோனா. நான் வைத்தது. வேதத்தில் யோனா கர்த்தர் கூப்பிட்ட சத்தம் கேட்டுக் கப்பலேறி ஓடினவர். எங்கள் யோனா எந்தச் சத்தம் கேட்டாலும் ஓடும். இடி, கோயில் வேட்டு, தகரம் விழுவது, சபைப் போதகர் ஐயர் தும்முவது. இதைக் கட்டுரையாக எழுதிக் காலேஜில் வாசித்தேன். நன்றாகச் சிரித்தார்கள். இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்டார்கள்.

அது எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தது குவாரிக் கொம்புக்கு. பாறைக்கு வெடி வைப்பதற்கு முன் தாஜ் முகம்மது மாட்டுக்கொம்பை மூன்று தரம் ஊதுவார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐம்பது எண்ணும் நேரம் விடுவார். மூன்றாவது முடிந்ததும் திரியில் நெருப்பு வைப்பார்கள்.

என் அக்கா சாரம்மாளுக்குக் காது கேட்காது. ஏழு வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. பேச்சு இருந்தது. உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். அப்பா கிருபைராஜ் அந்தக் குவாரியில் கணக்கெழுதும் ரைட்டர். அவருக்குத் தினமும் மத்தியானச் சோறு கொண்டுபோவது அக்கா, துணைக்கு யோனா. முதல் கொம்பு ஊதியதும் யோனா நடுங்கி, அவள் சேலையைக் கவ்வி, குவாரிப் பாதை வளைவிலுள்ள புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடும். அவள் சேலைக் கரையெல்லாம் பல் தடம்.

நான் நாயின் பயத்தைத் தெளியவைக்கப்போகிறேன் என்றபோது அவள் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"ஏலே, அது பயந்தாத்தான எனக்கு வெடி வைக்காவன்னு தெரியும். அதுக்குப் பயம் போயிட்டுன்னா எனக்கு எப்படிலே தெரியும்?"

"வீட்டுல இருக்கும்போது மட்டுந்தான் பழக்குதேன். வெளிய வந்தா பழையபடி ஓடும்."

"நாய்க்கு வீடும் ரோடும் வேறவேறன்னு நீதான் கண்ட" என்று சிரித்தாள். பிறகு, "சரி, பாவம், நடுங்காம இருந்தாச் சரி" என்றாள்.

பயந்த ஜீவனைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

முறை எளிது. எங்கள் வீட்டில் அப்பா ஜெபம் முடித்து ஆமென் சொல்லும்வரை யாரும் சோற்றில் கை வைக்கக்கூடாது. யோனா அதைத் தானாகவே கற்றிருந்தது. ஜெபம் தொடங்கினால் முன்னங்கால்களில் தலையை வைத்துப் படுக்கும். ஆமென் கேட்டதும் துள்ளி எழுந்து, கண்ணை மூடியிருக்கும் அக்காவின் கையை மூக்கால் இடிக்கும். ஜெபம் முடிந்தது என்று அவளுக்கு அப்படித்தான் தெரியும். நாய் வருவதற்கு முன்பெல்லாம் நான் தோளில் தட்டுவேன்.

நான் செய்தது சத்தத்தையும் ஜெபத்தையும் சேர்த்து வைத்தது மட்டும். முதலில் தம்ளரைத் தட்டினேன். பிறகு தகர டின். படுத்தால் ஆமென், ஆமெனுக்கு ஒரு துண்டு கருப்பட்டி. கடைசியில் கொம்பு வேண்டியிருந்தது. கொம்பு ஊதி எரிகோ மதிலை விழவைக்கிற வேத நாடகத்துக்கு என்று சொல்லி, தாஜ் முகம்மதுவிடமே அவருடைய பழைய கொம்பைக் கேட்டேன். ஊதவும் சொல்லிக்கொடுத்தார்.

"கன்னத்தால ஊதாதிய தம்பி, வயித்துலேருந்து ஊதணும். ஒங்க வீட்டு நாயிதான் பாவம். நான் ஊதும்போதெல்லாம் என்னைய ஏசுத மாரிப் பாக்குது. மன்னிச்சிக்கிடச் சொல்லுங்க."

ஒரு மாதத்தில் யோனா கொம்புக்குப் படுத்தது. முற்றத்தில் நான் ஒளிந்து நின்று ஊதுவேன். நாய் படுப்பதைப் பார்த்ததும் அக்காவும் தையலை வைத்துவிட்டுச் சிரித்தபடி கண்ணை மூடிக்கொள்வாள். அது எங்கள் மூவருக்கும் விளையாட்டாகிவிட்டது.

பிப்ரவரி பதினான்காம் தேதி மத்தியானம் நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். அக்கா தூக்குச்சட்டியோடு வந்தாள். கொம்பு ஊதும் மேட்டிலிருந்து பாதையின் அந்த வளைவு தெரியாது.

முதல் கொம்பு ஊதியது. யோனா படுத்தது. கால்களில் தலையை வைத்தது. நடுக்கமே இல்லை.

அக்கா நின்று சுற்றிலும் பார்த்தாள். "ஏலே, எங்கன ஒளிஞ்சிருக்க?" என்று கேட்டாள். காது கேட்காதவர்கள் பேசுவதுபோலச் சத்தமாக, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக. பிறகு சட்டியைக் கீழே வைத்து, நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பொறுமையாக இருந்தாள். அப்பாவின் ஜெபம் அதைவிட நீளம்.

வெடித்தபோது ஒரேயொரு கல்தான் அந்தப் பக்கம் வந்தது. தேங்காய் அளவு இருக்கும்.

யோனா அப்போதும் எழவில்லை. நான் ஆமென் என்றேன். உடனே எழுந்து, அவள் கையை மூக்கால் இடித்தது. இரண்டு தரம் இடித்துப் பார்த்தது. பிறகு என்னிடம் ஓடி வந்து கருப்பட்டிக்கு நின்றது. கொடுத்தேன். சொல் தவறினால் பழக்கம் கெட்டுவிடும்.

விசாரணையில் எல்லோரும் நாயைத்தான் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். கொம்புக்கு ஓடுகிற நாய் ஓடவில்லை, ஆகையால் கொம்பு ஊதவில்லை. கூலிக்காரர்கள் பதினோரு பேர் கேட்டதாகச் சொன்னார்கள். மரத்தடியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த காலேஜ் மாணவன் கேட்கவில்லை என்றான். மாணவனின் சொல் எழுதிக்கொள்ளப்பட்டது. தாஜ் முகம்மது கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். நாயைப் பற்றி அவர் சொன்னதுபோல ஏசுகிற பார்வை இல்லை. துக்க வீட்டுப் பையன், பதற்றத்தில் கேட்டது மறந்திருக்கும் என்று அவர் வக்கீலிடம் சொன்னாராம்.

அன்றிலிருந்து அப்பா சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணுவதில்லை. யோனா தட்டைக் கண்டதும் படுத்துவிடுகிறது. யாரும் ஆமென் சொல்லாததால் சோறு ஆறும்வரை அப்படியே கிடக்கிறது. எந்தச் சத்தத்துக்கும் இப்போது அதற்குப் பயமில்லை.

ஐயா, ஆமென் என்ற ஒரு சொல் போதும். நான் சொல்லியிருந்தால் நாய் எழுந்திருக்கும், அவளும் எழுந்திருப்பாள். வாயில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். மூன்றாவது கொம்புக்கும் அசையாமல் இருந்துவிட்டால் என் கட்டுரைக்கு நல்ல முடிவு என்று தோன்றியது.

தாஜ் முகம்மது மூன்று தரமும் ஊதினார். நடுவில் ஐம்பது, ஐம்பது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.