என் சீட்டுக்கு ஒரு ஆள்

...அதெல்லாம் ஒரு வேலையான்னு கேளு! நான் அக்கவுண்டண்ட்லா. வீடு கட்டி விக்கிற கம்பெனி, கணக்க மட்டும் பாத்தா போதும்னு நெனச்சுதான வந்த ஃபரிஹா? நானும் அப்படித்தான் வந்தேன். ஒக்காரு, ஒக்காரு. மொத நாளே கம்ப்யூட்டர்ல கைய வைக்க வேணாம். நீ என் வேலைய நல்லா கத்துக்கணும், அப்பதான் நான் மேல போக முடியும். பசியாறிட்டியா? சரி, அது அப்புறம்.

போன மாசம் நம்ப கட்டுன புக்கிட் ரம்பாய் தாமான் வீடுங்களுக்குத் தொறப்பு விழா. மேடையில கோட்டு போட்டு நிக்கிறவங்களுக்கு எந்த வீடு வித்துச்சு, எது விக்கலன்னு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவ நான் எங்க நிக்கிறேன்? வாசல்ல. ஒரு கையில சந்தனம், ஒரு கையில பன்னீர் செம்பு. "கலை, நீ நின்னாதான் மங்களகரமா இருக்கும்"ங்கிறாரு நம்ப பாஸ் கணேசமூர்த்தி. கண்ணு முழிச்சு அவ்ளோ பரீட்சை எழுதுனது பன்னீர் தெளிக்கத்தான் போல. வேர்வையில பொடவையெல்லாம் ஒட்டிக்கிச்சு... நீ இந்த வாரமே பழகிக்க, நல்ல கனம் அந்த செம்பு.

அப்புறம் புலாவ் செபாங் சைட்டு. கூரை போட்டாச்சு, காசு விடுங்கன்னு கான்ட்ராக்டர் தங்கராஜு பில்லு அனுப்புறாரு. நேர்ல பாத்துட்டு கையெழுத்து போடலாம்னு காரெடுத்துப் போனேன். ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு ரூமுக்குள்ள நின்னு அண்ணாந்து பாத்தா மேகம் போவுது. நல்ல காத்தோட்டம்! எங்க கூரைன்னு கேட்டா, மரச்சட்டம் ஏத்தியாச்சுல்லக்கா, கூரை வந்த மாதிரிதான்ங்கிறாரு. அங்க ஒருத்தன் என்னய யாரு சம்சாரம்னு விசாரிக்கிறான். இன்னொருத்தர் நான் மக்கானன், சாப்பாடு கொண்டாந்தவன்னு நெனச்சு தட்ட நீட்டுறாரு. ஆம்பள அக்கவுண்டண்ட் போயிருந்தா நாக்காலி போட்டிருப்பாங்க.

நான் கையெழுத்து போடல. பாஸ் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாரு. ஆனா மறுநாள் கூப்பிட்டு சொன்னாரு: "கலை, உன் சீட்டுக்கு ஒரு ஆள தயார் பண்ணு. அன்னிக்கே மலாக்கா ஆபீஸ்ல ஃபைனான்ஸ் மேனேஜர் நீதான்." எனக்கு அது வேணும் ஃபரிஹா. வெக்கத்த விட்டு சொல்றேன். எனக்குப் பின்னாடி வந்த ஆம்பளைங்க எல்லாம் மேல ஏறிட்டானுங்க. ராத்திரி படுத்தா அந்த நெனப்புதான்.

ஆனா ஆளு நிக்கணுமே! உனக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். லஞ்சுக்குப் போனவன் இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கான் போல. அப்புறம் ஒரு புள்ள, அம்மாவுக்கு சீரியஸ்னு அழுதுகிட்டே ஓடுச்சு. அந்த அம்மாவ பசார்ல பாத்தேன், ரெண்டு கையிலயும் பை, என்னா வேகமா நடக்கிறாங்க தெரியுமா! நான் என்ன கடிச்சா திங்கிறேன்? இப்ப உனக்கு சொல்ற மாதிரிதான், பக்கத்துல ஒக்கார வச்சு எல்லாத்தயும் ஒளிவு மறைவில்லாம சொன்னேன். இன்னும் ஆடிட்டருங்க வர்ற நேரத்து கூத்த சொல்லல, வீடு வாங்குனவங்க குடும்பத்தோட வந்து இங்கயே ஒக்காந்துக்கிறத சொல்லல...

என்னா, போனா? பேசு, பேசு. வெளிய லைன் நல்லா கெடைக்கும். ஹேண்ட்பேக் எதுக்கும்மா, இங்கயே இருக்கட்டுமே... சரி, எடுத்துக்க.

...கார் கெளம்புற சத்தம்ல கேக்குது?

ஹலோ பாஸ், கலைதான். இல்ல பாஸ்... இந்தப் புள்ளயும் போயிடுச்சு. நானா? நான் ஒண்ணும் சொல்லல, வேலைய பத்தி மட்டும்தான் பேசுனேன். பாஸ், அந்த மேனேஜர் சீட்டுல மட்டும் வேற யாரயும் ஒக்கார வச்சிடாதீங்க, கெஞ்சி கேக்குறேன். நாளைக்கே இன்னொரு ஆள அனுப்புங்க. இந்தவாட்டி மொதல்லேர்ந்து எல்லாத்தயும் இன்னும் வெளக்கமா சொல்லிடறேன்.