தனக்கென ஒரு கட்டம் வரைந்துகொண்ட சாவியக்காவுக்கு

பூட்டிய கதவுகளுக்குப் பொழுது புலர்வதைச் சொன்னவரே! பெண்ணியல் துறையின் பெயர்ப்பலகைக்கும் மூத்தவரே! முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காத முதல்நிலை உதவியாளரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய சாவியக்காவே! வணக்கம்.

‘முகம் சுளிக்காத’ என்ற இடத்தில் எங்கள் தட்டச்சர் விரலை நிறுத்திச் சிரித்தார். சுளித்திருக்கிறீர்கள், அக்கா. கரும்பலகையை அழிக்காமல் போன பேராசிரியர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் பணி ஓய்வு வாழ்த்து மடலுக்கென்று ஒரு மரபு இருப்பதால் அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால், “ஐயோ, போதும்ங்க” என்று பாதியில் மறித்துவிடுவீர்கள். ஆகவே யாரோ ஒரு பெண்மணியின் கதையைப் போல இதைச் சொல்கிறோம். கேட்டுக்கொண்டிருங்கள்.

அந்தப் பெண்மணி பணியில் சேர்ந்தபோது துறைக்கு இரண்டு அறைகள், ஒரு மின்விசிறி, ஐந்து மாணவிகள். பிற்பகல் இரண்டு மணி வகுப்பு என்றால் அவருக்கு உயிர். தாழ்வாரத்தில் டம்ளர் துடைத்தபடி நிற்பார். ஊதியம் இல்லாத உழைப்பு, வீட்டுக்குள் அதிகாரம், யாருடைய நேரம் யாருக்குச் சொந்தம் என்று சன்னல் வழியே சொற்கள் மிதந்து வரும். வெயில் தரையில் மெல்ல நகரும். கண் பாதி செருகும். அந்த அரைத்தூக்கத்தில் பாடத்தில் வருகிற பெண்ணுக்குத் தன் நாத்தனார் முகம் இருக்கும்; கூடவே அம்மா, சித்தி, பக்கத்துவீட்டுத் தையல்காரி எல்லோரும் முடிவே இல்லாத ஓர் அறையில் வரிசையாக நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருப்பார்கள். திடுக்கிட்டு விழித்தால் கையிலிருக்கும் டம்ளர் எப்போதோ காய்ந்திருக்கும்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் அவர் அஞ்சல் வழியே ஒரு பட்டமும் வாங்கினார். துறையில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆண்டுதோறும் புது மாணவர்களுக்கு எங்கள் துறையில் ஒரு பயிற்சி உண்டு. ஓர் இடத்தில் யார், என்ன வேலையை, எவ்வளவு நேரம் செய்கிறார்கள் என்று காலை முதல் மாலை வரை குறித்து, ஆளுக்கொரு கட்டமாகப் பெரிய தாளில் எழுத வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் துறையையே எடுத்துக்கொண்டார்கள். தலைவர் முதல் தட்டச்சர் வரை பதினொரு பேர், பதினொரு கட்டங்கள். நாங்கள் எல்லோரும் கூடி, சரிபார்த்து, பாராட்டிச் சுவரில் ஒட்டினோம். விளக்கடியில் இருட்டு என்பார்களே, அது இதுதான். பெண்களின் உழைப்பு கண்ணில் படுவதில்லை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற துறையின் தாளில், அத்துறையைத் திறந்து பெருக்கித் துடைக்கிறவர் இல்லை.

மறுநாள் காலை தாளின் ஓரத்தில் பென்சிலால் பன்னிரண்டாவது கட்டம் ஒன்று முளைத்திருந்தது. ஏழு மணிக்குத் தொடங்கிய அந்தக் கட்டத்தில் எழுத்துகள் நெருக்கியடித்து, இடம் போதாமல் சுவர் வரை போயிருந்தன. துறைத்தலைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“இதை யார் எழுதினது?”

“நான்தாம்மா. தப்பா இருந்தா அழிச்சிடுறேன்.”

“அழிக்காதீங்க. நாங்கதான் தப்பு பண்ணிட்டோம்.”

“அப்ப ஒண்ணு கேக்கட்டுமா? நானும் இங்க படிக்கலாமா?”

இப்படித்தான் தன் ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் முதுகலை மாணவியானார். பல்கலைக்கழகம் அனுமதி தந்தது. கூடவே ஒரு கத்தியையும் தலைக்கு மேலே தொங்கவிட்டது. பணியில் இருக்கும்வரைதான் அந்த அனுமதி செல்லும். ஓய்வுபெறும் நாளுக்குள் ஆய்வேடு ஏற்கப்படாவிட்டால் மூன்று ஆண்டுப் படிப்பும் தண்ணீரில் எழுதியதுதான். வீட்டில் கணவர், “இந்த வயசுல பரிட்சையா? பேரப்புள்ள சிரிக்கும்” என்றாராம். “சிரிக்கட்டும். நீங்க அந்தக் குக்கரை இறக்குங்க” என்று பதில் வந்ததாம்.

மற்றத் துறைகளில் அவரைப் போலவே பணிபுரியும் பதினான்கு பெண்களிடம் பேசி ஆய்வேட்டை எழுதினார். சென்ற வாரம் வாய்மொழித் தேர்வு. அன்றுதான், வேறெந்தத் துறையிலும் நடக்காத ஒரு கூத்து நடந்தது. காலையில் வந்து அறையைத் திறந்தார், மேசையைத் துடைத்தார், தண்ணீர் வைத்தார், பழக்க தோஷத்தில் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். உள்ளே, அவரைப் பார்த்தறியாத தேர்வாளர்கள் மாணவிக்காகக் காத்திருந்தார்கள். வெளியே மாணவி, தேநீருக்கு அழைப்பு வருமென்று காத்திருந்தார். இருபது நிமிடம் போயிற்று. வெளியூர்த் தேர்வாளர் ‘வரவில்லை’ என்று எழுதப் பேனாவைத் திறந்தபோது, நூலகர் தாழ்வாரத்தில் ஓடிவந்தார்.

“அக்கா, உள்ள உங்களத்தான் தேடுறாங்க!”

தேநீருக்குத்தான் என்று நினைத்து அவர் தட்டோடு உள்ளே நுழைந்தார். “டீ அப்புறம் குடிக்கலாம்மா. முதல்ல அந்த மாணவியக் கூப்பிடுங்க” என்றார் அந்த வெளியூர்த் தேர்வாளர்.

“நான்தாங்க அந்த மாணவி.”

தேர்வாளர் எழுந்து நின்றார். தட்டை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி. “பதினாலு பேரப் பத்தி எழுதியிருக்கீங்க. உங்களப் பத்தி ஒரு வரி கூட இல்லையே, ஏன்?”

“என்னப் பத்தி நானே எழுதினா அது ஆராய்ச்சியாகுமாங்க?”

“இருபது நிமிஷம் வெளிய நின்னீங்களே, அது ஏன்னு எழுதுங்க. அந்த அத்தியாயம் வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

ஓய்வுக்கு ஆறு நாள் இருந்தது. அவர் நூலக மூலையில் உட்கார்ந்து எழுத, அவருடைய வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். ஆறு பேர், மூன்று நாள். வகுப்பறைகள் தாமதமாகத் திறந்தன. ஒன்பது டம்ளர் உடைந்தது. பேராசிரியர் ஒருவர் தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார். முப்பத்தொரு ஆண்டுகள் ஒருவர் எதைச் சுமந்தார் என்பது எங்கள் இடுப்புக்குத்தான் முதலில் புரிந்தது. வெட்கமாக இருந்தது, அதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

அத்தியாயம் போனது. பதில் வரவில்லை. இம்மடலை அச்சுக்குக் கொடுக்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஓய்வுபெறும் நாளான இன்று காலை பதினொரு மணிக்கு உறை வந்தது. ஆய்வேடு ஏற்கப்பட்டது, முதல் வகுப்பு.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். காலியாக இருந்த வகுப்பறைக்குள் போய், சன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் தொலைபேசி அடித்தது, தபால் வந்தது, தலைவரைத் தேடி யாரோ வந்தார்கள். அவர் அசையவில்லை. சரியாக ஒரு மணி நேரம் எந்த வேலையும் செய்யாமல் அவர் அப்படியே இருந்ததைத் தாழ்வாரத்தில் நின்று நாங்கள் பார்த்தோம். இன்று தேநீர் வரவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

சாவியக்காவே! நெடிய ஆயுளும் நோயற்ற உடலும் தங்களுக்கு வாய்க்கட்டும். அவற்றோடு, அந்த ஒரு மணி நேரம் போல, யாருக்கும் கடன்படாத ஆயிரமாயிரம் மணி நேரங்களும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

இங்ஙனம்,
தங்களைக் காணாமலே முப்பத்தொரு ஆண்டுகள் உடன் பணிபுரிந்த,
பெண்ணியல் துறையின் பதினொருவர்