கழித்துவிட்ட சத்தம்

மத்தியானம் ரெண்டரை மணி. பேரையூர் தாண்டித் தெற்கே போகிற ரோடு. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். தார் இளகி செருப்பில் ஒட்டுகிற வெயில். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் ஒரு ஈ காக்கா கிடையாது...

"பேய்க் கதைன்னா ராத்திரி பன்னண்டு மணி வேணும்டி," என்றாள் இந்துப்ரியா, போர்வைக்குள்ளிருந்து.

"இது பகல்ல வந்தது. பிடிக்கலைன்னா எந்திரிச்சு உன் ரூமுக்குப் போ. தனியா. அந்த வராண்டா வழியா."

அவள் போகவில்லை. கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஹாஸ்டலில் மிச்சமிருந்த அத்தனை பேரும் என் கட்டிலில்தான் கிடந்தார்கள். என் ரூம்மேட் ஆர்த்திகா லீவில் ஊருக்குப் போயிருந்தாள். இது அவளுடைய பெரியப்பா மகனுக்கு நடந்தது.

பெயர் அருள்பாண்டி. ஆனையூரில் மாடி ரூம். சுவர் முழுக்கப் பழைய மெத்தையை அறைந்து, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே ரெண்டு ஸ்பீக்கர், ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரிலேயே இசை செய்வான். பாட்டு இருக்காது, தாளம் இருக்கும், முழக்கம் இருக்கும், சில நேரம் வெறும் காற்று மாதிரி ஒன்று ஓடும். அவனே இன்டர்நெட்டில் போடுவான். கேட்பதற்கு ஆள் கிடையாது. சோற்றுக்கு மாஸ்டரிங். அதாவது அடுத்தவன் பாட்டுக்குக் கடைசியாகக் கை வைக்கிற வேலை. கோயில் பாட்டு, கட்சிப் பாட்டு, கல்யாண வீடியோ... எது முன்னால் வரணும், எது அடங்கிக் கிடக்கணும் என்று முடிவு செய்கிறவன் அவன்.

சோற்றுக்கு என்று சும்மா சொன்னேன். சோறு போட்டது அவன் பொண்டாட்டி. ஜெயக்கொடி. தனியார் ஸ்கூலில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். நல்ல கணீர்க் குரலாம். அவள் வகுப்பெடுத்தால் கீழே தண்ணீர்க் குழாய் வரைக்கும் கேட்குமாம்.

அன்றைக்கு அவளுக்கு லீவு. வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

அந்த ரோட்டில் மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று, அதாவது தீப்பெட்டி செய்த கம்பெனி, இருக்கிறது. தகரக் கூரை. உள்ளே துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள். வெயிலில் கூரை விரிகிற சத்தம், சட்டத்தைத் தட்டினால் வருகிற சத்தம்... இதையெல்லாம் பிடித்து ஒரு ஆல்பம் செய்துகொண்டிருந்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வெளியிட ஒத்துக்கொண்டிருந்தது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தன் ஒத்துக்கொண்டது. ஆனால் 'இரைச்சல் அதிகம், சுத்தம் செய்து திங்கள்கிழமைக்குள் அனுப்பு' என்று மெயில்.

சுத்தம் செய்கிற முறை இதுதான். எந்த ரெக்கார்டிங்கிலும் அடியில் ஒரு இரைச்சல் ஓடும். அதை எடுக்க, அதே இடத்தில் யாரும் பேசாமல், எதையும் தொடாமல், ஒரு நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணணும். அந்தத் துண்டை சாஃப்ட்வேரிடம் காட்டி, 'இதுதான் இரைச்சல், எங்கே இருந்தாலும் கழித்துவிடு' என்று சொல்லணும். அது கற்றுக்கொண்டுவிடும். காட்டுவதற்கு முன்னால் அந்தத் துண்டை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். இந்த வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது அது.

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் போனது.

ஆபீஸ் கதவு வெளிப்பக்கம் கொண்டி போட்டிருந்தது. திறந்தார்கள். உள்ளே மருந்து வாசனை... தீக்குச்சியை உரசி அணைத்ததும் மூக்கில் ஏறுமே, அது. இத்தனை வருஷம் கழித்து, அப்போதுதான் அணைத்த மாதிரி. காக்கா கத்தவில்லை. காற்று இல்லை. கூரைகூட அன்றைக்கு விரியவில்லை. அவனுக்கு வாயெல்லாம் பல்.

"கேட்டியா? ஒண்ணுமே இல்ல. சுத்தமா ஒண்ணுமே இல்ல."

"அதான்ங்க பயமா இருக்கு."

"வாய மூடிட்டு நில்லு. ஒரே நிமிஷம்."

மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தினான். பட்டனை அழுத்தினான். கண்ணை மூடிக்கொண்டான். பாதியில் அவள் தோளைத் தொட்டிருக்கிறாள். தட்டிவிட்டான். மறுபடி தொட்டாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினான், கண்ணைத் திறக்காமலே.

வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால், நேர்க்கோட்டில் ரெண்டு இடத்தில் சின்னப் புடைப்பு. காற்றாக இருக்கும் என்று நினைத்தான். காற்றே அடிக்காத இடத்தில்! கேட்டுப் பார்க்கவில்லை. நேரம் இல்லை. காட்டினான். கற்றுக்கொண்டது. ஆல்பத்தின் எல்லா டிராக் மேலும் ஓட்டினான்.

ஒரு டிராக்கில் ஜெயக்கொடி முனகின ராகம் ஒன்று இருந்தது. ஓட்டி முடித்த பிறகு அதைக் காணோம். பரவாயில்லை, இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டான்.

"பாவி," என்றாள் இந்துப்ரியா.

"இன்னும் வரல. பொறு."

ஆல்பம் வந்தது. எங்கெங்கேயிருந்தோ மெயில். அந்த அமைதியை எப்படிப் பிடித்தீர்கள் என்று வெள்ளைக்காரன் கேட்கிறான். கேட்க ஆளே இல்லாதவனுக்கு இது போதாதா, தலை கால் புரியவில்லை.

இங்கே ஜெயக்கொடியின் குரல் இறங்க ஆரம்பித்தது.

முதலில் போனில். எதிரே இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று வைத்துவிடுவார். அப்புறம் நேரில். மாமியார், "என்னத்தா முணுமுணுக்குற, சோறு திங்கல?" என்றாள். ஜெயக்கொடிக்குத் தான் கத்துகிற மாதிரிதான் இருந்திருக்கிறது. கழுத்து நரம்பு புடைக்கும். வருவது மூச்சு மாதிரி. அப்புறம் அதுவும் இல்லை. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, மனசுதான் என்றார். வகுப்பில் பிள்ளைகள் முதல் வாரம் சிரித்தார்கள். ரெண்டாவது வாரம் அவள் நிற்கும்போதே விளையாடினார்கள். மூன்றாவது வாரம் ஸ்கூலில் வேறு ஆள் போட்டார்கள்.

கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மேளம் கேட்கிறது. ஐயர் மந்திரம் கேட்கிறது. சொந்தக்காரன் ஒவ்வொருத்தன் சிரிப்பும் கேட்கிறது. இவள் வாய் மட்டும் அசைகிறது.

எனக்கு வயிறு எரிகிற இடம் இதுதான். அந்த வீட்டில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. துணி துவைத்தாள், சமைத்தாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. தெருவில் என்ன சொன்னார்கள் தெரியுமா... 'வாய் பேசாத பிள்ளை, தங்கமான மருமக.'

ஒரு நாள் அவனுக்கே ஏதோ உறைத்திருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தை எடுத்து, சத்தத்தை ஏற்றிக் கேட்டான். முதல் புடைப்பு, ஜெயக்கொடி. ரொம்பத் தாழ்வாக.

"ஏங்க... உங்க பின்னாடி ஒரு அக்கா நிக்குறாங்க."

ரெண்டாவது புடைப்பு அவள் இல்லை. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில். வறண்ட தொண்டை.

"தொறங்க... தொறங்க..."

இந்துப்ரியா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

அந்த சாஃப்ட்வேரில் இன்னொரு பட்டன் உண்டு. கழித்ததை மட்டும் கேட்க. தப்பாக எதையாவது எடுத்துவிட்டோமா என்று சரிபார்க்க வைத்திருப்பது. அழுத்தினான். பழைய இரைச்சல் வரணும். வந்தது...

"தயிரு புளிச்சிருச்சு. ஊத்தவா, வேணாமா?"

அன்றைக்குக் காலையில் அவள் கேட்டது. அவன் காதில் விழாதது. அதற்கப்புறம் எல்லாம் வந்தது. இத்தனை மாசமும் பேசினது. டாக்டரிடம் சொன்னது, வகுப்பில் நடத்தின பாடம், மாமியாருக்குச் சொன்ன பதில். "ஒரு தடவ திரும்பிப் பாருங்க" என்று மட்டும் எத்தனையோ தடவை.

கீழே ஓடி அவளை இழுத்து வந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார வைத்தான். அவள் பேசினாள். ஹெட்போனில் கேட்டது! ரெண்டு பேரும் அழுதார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த ஒரு நிமிஷத்த அழிச்சிருங்க. என் குரலு வந்திரும். எனக்குத் தெரியுது."

அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அடுத்த ஆல்பம் முடியட்டும் ஜெயா. அவய்ங்க அதே அமைதிதான் கேக்குறாய்ங்க. அது இல்லாம எனக்கு அது வராது. இப்பத்தான் நான் உன்னைக் கேக்குறேன்ல?"

"செருப்பால அடிக்கணும்," என்றது இருட்டில் ஒரு குரல். யாரென்று பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவள் அவனிடம் பேசவில்லை. ஆனால் உதடு நிற்கவில்லை. அடுப்படியில், மொட்டைமாடியில், துணி காயப்போடும்போது... தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பேசுவாள். நிறுத்துவாள். தலையாட்டுவாள். ஒரு நாள் அவன் ஹெட்போனை மாட்டினான். ஜெயக்கொடி சிரிக்கிறாள்.

"ஏக்கா, உங்களுக்கும் அப்படித்தானா? எம்புட்டு நேரம் கத்துனீங்க?"

அந்த வறண்ட குரல் என்னமோ சொல்கிறது. சத்தத்தை ஏற்றினான். இன்னும் ஏற்றினான். அப்போது ஜெயக்கொடி சொன்னாள்,

"பேசாதீங்கக்கா. அவரு கேக்குறாரு."

அதோடு சரி. திரையில் கோடு நேராகிவிட்டது.

அன்றைக்குத்தான் அழித்தான். கம்ப்யூட்டரில் இருந்த நகலெல்லாம் தேடித் தேடி அழித்தான். குரல் வரவில்லை. ஹெட்போனிலும் வரவில்லை. ரெண்டாவது ஆல்பமும் வரவில்லை. ஸ்பீக்கரில் எதைப் போட்டாலும் அவன் காதுக்குத் தீக்குச்சி உரசுகிற மாதிரி ஒன்று மட்டும் கேட்கிறதாம். ஜெயக்கொடி அதே வீட்டில்தான் இருக்கிறாள். சமைக்கிறாள். அவன் நுழைந்தால் வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்த்திகா அங்கே போயிருக்கிறாள். மாடி ரூமில் அதே வாசனை. தாடியும் மூஞ்சியுமாக உட்கார்ந்திருந்தவன் ஹெட்போனை நீட்டினான்.

"நீ கேட்டுப் பாரு ஆர்த்தி. எங்கிட்டதான் பேசமாட்டேங்குறா. உங்கிட்டப் பேசுவா."

மாட்டினாள். ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. கழற்றலாம் என்று கையை வைத்தபோது, காதுக்குள்ளேயே, ரெண்டு தொண்டை சேர்ந்த ஒரே குரலாக...

"ஆர்த்தி... நீயும் வந்துட்டியா?"

பதறிப்போய், "ஆமா மதினி," என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

அருள்பாண்டி கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் வாயையே பார்த்தான்.

"என்ன, ஏதாவது கேக்குதா?"

"கேக்குதுண்ணே," என்றாள்.

"சொல்லு ஆர்த்தி. கேக்குதா, இல்லையா?"

நான் நிறுத்தினேன். போனின் வெளிச்சத்தில் எல்லார் முகமும் நீலமாக இருந்தது.

"சும்மா கதை விடாத," என்றாள் இந்துப்ரியா. "அவ உங்கிட்ட வாயாலதான சொல்லியிருக்கா, இம்புட்டும்?"

சொல்லவில்லை. டைப் பண்ணி அனுப்பினாள். வரி வரியாக, ராத்திரி பூராவும். எனக்குப் பொறுக்கவில்லை. 'விளையாடாதடி, வாய்ஸ் நோட் அனுப்பு' என்று போட்டேன்.

அனுப்பினாள். நீளமாக, அடுத்தடுத்து. பேசினால் அதில் கோடு ஏறி இறங்கும் இல்லையா, அது முதல் நுனியிலிருந்து கடைசி வரைக்கும் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது.