வயலுக்குள் தனித்த தேவாலயம்

எண்பதுகளின் கடைசியில், விம்பிள்டன் ரயிலில், எனக்கெதிரே, ஊரில் சண்டை மூண்டு லண்டனுக்கு வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும். அவருக்குத் தொலைவில் ஒரு கிராமத்துக் கடையில் வேலை கிடைத்திருந்தது. அவளுக்கு லண்டனை விட மனமில்லை.

“அங்கை கோயில் ஒரு இடம், ஊர் இன்னொரு இடம்,” என்றார்.

“அதென்ன கூத்து?”

“முந்திக் கொள்ளைநோய் வந்து, சனம் ஆத்தடிக்கு இடம்பெயர்ந்திட்டுதாம். தேவாலயம் வயலுக்கை தனிச்சுப் போச்சு. இப்பவும் ஞாயிறுகளிலை நடந்து போய் மணி அடிக்கினம்.”

“உள்ளுக்குப் போனீங்களோ?”

“ஓம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் போனன். பாதிரியார் பாத்திட்டு, தானும் கழட்டிப்போட்டு வந்தார்.”

அவள் சிரித்தாள். ரயில் தேம்ஸைக் கடந்தது. கீழே ஆறு புகைபோல மங்கிக் கிடந்தது. அது மறையும்வரை பார்த்திருந்தாள்.

“இடம்பெயர்ந்த சனமெண்டு முதலே சொல்லியிருக்கலாமே,” என்றாள். “எப்ப போறம்?”