இறங்கச் சொல்லும் வரை

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைக்கத் தெரியாது. மாடிப்படி முழுக்கச் சிதறிக் கிடக்கும். அவரவர் ஊரில் எல்லாருமே பெரிய யோகா ஆசிரியர்கள். பெயரோடு 'மாஸ்டர்' சேர்த்துக் கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஜோடிச் செருப்பை ஜோடியாக வைக்க வராது. தினமும் நான்தான் குனிந்து அடுக்குவேன். அதைக்கூட ஒருவரும் கவனித்ததில்லை.

நீங்கள் எழுதியதை இப்போது படித்துக் காட்டினீர்கள், இன்ஸ்பெக்டர். 'பயிற்சி நடத்தியவரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி வருகிறது. அதைத் திருத்துவதற்காகத்தான் பேசுகிறேன். என்னைப் பிடிக்காதவர்கள்கூட என்னைக் கவனக்குறைவானவன் என்று சொன்னதில்லை. என் மனைவி செல்வராணியிடம் நீங்கள் மருத்துவமனையில் கேட்டபோது, "அவர் ஏன் சொல்லலன்னு அவரையே கேளுங்க" என்றாளாம். நியாயமான பதில். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

பத்து பாகாட் நிலையத்தில் நாங்கள் நடத்துவது தொப்பை குறைக்க வருகிறவர்களுக்கான வகுப்பு அல்ல. பல வருடம் சொல்லிக்கொடுத்துப் பழகிய ஆசிரியர்களுக்கு மேல்நிலைப் பயிற்சி. பழகியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம். செனாயிலிருந்து வந்த யுகேந்திரனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராணாயாமத்துக்கு உட்காரும் முன் கைப்பேசியை நிறுத்தி வைத்துக் கோணம் பார்ப்பான். "மாஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா, வெளிச்சம் மறைக்குது" என்று என்னிடமே சொன்னவன். ரூபினி சிங்கப்பூரில் பணக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறாள். 'எனர்ஜி' என்ற சொல் இல்லாமல் அவளுக்கு ஒரு வாக்கியம் முடியாது. மூச்சை எங்கே நிறுத்துவது என்று கேட்டால் இரண்டு பேரும் கூரையைப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே எங்கள் பயிற்சியில் இரண்டு விதிகள் உண்டு. ஆசனத்தில் ஏறியவர், நடத்துபவர் 'போதும்' என்று சொல்லும் வரை இறங்கக் கூடாது. ஆசனத்தில் இருப்பவரை நடத்துபவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. புதியவர்களிடம் இதைச் சொன்னால் அது கொடுமை. தேர்ந்தவர்களுக்கு இதுதான் பாடம். தன் உடம்பைத் தானே தீர்மானிக்கிற கர்வம் அவர்களிடமிருந்துதான் போக வேண்டும்.

செல்வராணி என் மாணவியாக வந்தவள். சிகாமட் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடும்பம். எங்கள் வீட்டில் வட்டிக்கடை, ஜவுளிக்கடை, இரண்டு தலைமுறைப் பெயர். நான் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும் என் தாயார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அந்த வேற்றுமை எல்லாம் கிடையாது. அவள் பேச்சைத் திருத்தினேன், உடுத்துவதைத் திருத்தினேன், சாப்பிடும்போது சிரிக்காமல் இருக்கப் பழக்கினேன். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. "கல்லு கிடைச்சா இவரு அதுக்கும் முதுகை நேரா வைக்கச் சொல்லுவாரு" என்று என் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். அன்பாகத்தான் சொல்வாள். கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சிரிக்கிற பழக்கத்தை மட்டும் வகுப்பில் என்னால் நிறுத்த முடியவில்லை. தொழிற்சாலைப் பெண்கள் ஷிப்ட் முடிந்து வருவார்கள். "வயிறு இருந்தா இருக்கட்டும் லா, அதுவும் நம்ம வயிறுதான். மூச்சை விடுங்க" என்பாள். உடனே எல்லாரும் சிரிப்பார்கள், மூச்சும் ஒழுங்காக வரும். இது சாஸ்திரம் அல்ல. ஆனாலும் ஆட்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள்.

அவள் கழுத்தைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். போன வருடம் ஆயர் ஹீத்தாம் அருகே ஒரு லாரி எங்கள் காரைப் பின்னாலிருந்து இடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குக் கழுத்தெலும்பில் அடி. தலையில் பாரம் ஏற்றவே கூடாது, ஏற்றினால் கை கால் போய்விடும் என்றார் மருத்துவர். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொன்னவனும் நான்தான். கழுத்து கெட்ட ஆசிரியையிடம் யார் வருவார்கள்.

அதன் பிறகு அவள் சிரசாசனம் செய்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழு எடையையும் முன்னங்கையிலும் தோளிலும் தாங்கிக்கொள்வாள். உச்சந்தலை கம்பளியைத் தொடுவதுபோலத் தெரியும், தொடாது. ஒரு நூல் இடைவெளி இருக்கும். என்னால் அது முடியாது. கை தளரும் வரைதான் அப்படி நிற்க முடியும், இறங்கவும் அவளால் தனியாக ஆகாது, இறங்கும்போது எடை கழுத்தில் விழுந்துவிடும். நான் 'போதும்' என்று சொல்லிக் கணுக்காலைப் பிடித்து மெல்லக் கீழே கொண்டுவருவேன். பார்க்கிறவர்களுக்குக் கணவன் மனைவி பாசமாகத் தெரியும். பாசமும்தான்.

பயிற்சி முடிவதற்கு முந்தின நாள் வாசுகி அம்மா ஜொகூர் பாருவிலிருந்து அழைத்தார். எங்கள் நிலையங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். "வயிரவன், அடுத்த வருஷத்திலேருந்து இந்தப் பயிற்சியை ராணி நடத்தட்டும். உங்ககிட்ட எல்லாரும் பயந்து கத்துக்கிறாங்க. அவகிட்ட ஆசையா கத்துக்கிறாங்க. நாளைக்கு மத்தியானம் வந்து நானே சொல்றேன். நீங்க கூட இருந்து பாத்துக்குங்க, சரியா?" என்றார். சரி என்றேன். அந்தச் சேதியை அன்று மாலையே செல்வராணியிடம் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "வேணாங்க. உங்க இடம் அது. நான் அம்மாகிட்டப் பேசுறேன்" என்றாள்.

இன்ஸ்பெக்டர், ஒருவேளை அவள் சந்தோஷப்பட்டிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அவள் விட்டுக்கொடுக்கப் பார்த்தாள். நான் உருவாக்கியவள் எனக்குப் பிச்சை போடுகிறாள்.

மறுநாள் காலை எல்லாரையும் சிரசாசனத்தில் ஏற்றினேன். வழக்கம்போல அவள் வரிசைகளுக்கு முன்னால், எல்லாருக்கும் எதிரே நின்றாள். கால் நேராக ஏறியது. அழகாகத்தான் இருந்தது. நான் கூடத்தைவிட்டு வெளியே வந்து பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்றேன். கீழே பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

முதலில் காதில் விழுந்த குரல் யுகேந்திரனுடையது. "அலமாக், மாஸ்டர் எங்க போயிட்டாரு? தே தாரிக் குடிக்கவா?" என்றான். சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். விதியாவது ஒன்றாவது. இவர்கள்தான் ஊருக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறவர்கள்.

"என்னங்க" என்று அவள் கூப்பிட்டாள். வகுப்பில் அவள் என்னை மாஸ்டர் என்றுதான் அழைப்பாள். அதனால் அதற்கும் சிரித்தார்கள். "அக்கா, வீட்டு நெனப்பா?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடியும் "என்னங்க" என்றாள். குரல் கொஞ்சம் நசுங்கியிருந்தது. கை தளரத் தொடங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியாது. அவர்கள் அவள் விதியைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

ரூபினி தாழ்வாரத்துக்கு வந்தாள். "மாஸ்டர், அக்காவுக்குக் கை ஆடுது. நீங்க சொல்லாம இறங்க மாட்டாங்க போல. நான் வேணும்னா காலைப் பிடிச்சு இறக்கட்டுமா?"

அவளுக்கு மூச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. அதைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் கண் இருந்தது அவளுக்குத்தான்.

"தொடாதீங்க" என்றேன். "விதி தெரியுமில்ல? அவங்க இடத்துக்கு அவங்கதான் பொறுப்பு. போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தாள். அதுதான் நான் சொன்ன மேல்நிலைப் பயிற்சி. இத்தனை வருட அனுபவம் உள்ள ஆசிரியை, தன் கண் பார்த்ததை விட்டுவிட்டு என் சொல்லைக் கேட்டாள்.

மூன்றாவது முறை செல்வராணி என்னைக் கூப்பிட்டபோது யாரும் சிரிக்கவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். 'போதும்' என்று சொல்ல உரத்துப் பேசக்கூட வேண்டியதில்லை. எனக்குத் தொண்டை கட்டியிருக்கவில்லை, என் நினைவு வேறெங்கும் போகவில்லை. அந்த நூல் இடைவெளி போய்விட்டது, முழு எடையும் இப்போது கழுத்தில் இறங்குகிறது, மருத்துவர் சொன்னது நடக்கப்போகிறது என்று தெரிந்துதான் நின்றேன். பிறகு அவள் சாய்ந்த சத்தம் கேட்டது. அதன் பின்னால்தான் உள்ளே போனேன்.

அதனால் கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்பது உங்கள் வேலை. வேண்டுமென்றே என்று எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுவேன்.

என்னை அழைத்துப்போவதற்கு முன் அவளை ஒரு முறை பார்க்க அனுமதித்தால் நல்லது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. தன் தங்கையிடம் பேசுகிறாளாம், மருத்துவமனைத் தாதிகளிடம் பேசுகிறாளாம், சிரிக்கக்கூடச் செய்கிறாளாம். நான் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் கிளம்பும் வரை திறப்பதில்லை. "உங்களைப் பார்க்கப் பிடிக்கல போல, சார். இனிமே வராதீங்களேன்" என்றாள் ஒரு தாதி. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். வெளியே இருப்பதிலிருந்து புலன்களை முழுவதுமாக உள்ளே இழுத்துக்கொள்கிற நிலை அது. எத்தனையோ ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஒருவருக்கும் வரவில்லை. என் எதிரில் மட்டும் அவளுக்கு அது தவறாமல் வருகிறது.